நீங்களும் வாங்களேன்!

கிடைத்தேவிட்டது! சத்யாவின் அப்பாவுக்கு லீவு கிடைத்தேவிட்டது!

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டில் இருப்பவராக இருக்கலாம். சத்யாவின் அப்பா உத்தமன் அப்படி இல்லை. தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கொல்கத்தாத் துறைமுகத்துக்கு மாற்றலாகி வந்தவர். கப்பல் எப்போது வருகிறதோ அப்போது அவருக்கு வேலை. கப்பலுக்குத் தீபாவளி தெரியாது. சத்யாவின் பிறந்தநாள் தெரியாது. பள்ளி ஆண்டுவிழா தெரியவே தெரியாது.

வீட்டில் இருக்கும்போதும் அவருடைய ஃபோன் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே சாப்பிடுவார். ரசம் என்று நினைத்து மோரைக் குடித்துவிட்டு, "இன்னிக்கு ரசம் பிரமாதம்" என்பார்.

அப்படிப்பட்டவர், ஜனவரிக் குளிரில் ஒரு சனி ஞாயிறு முழுவதும் லீவு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க போவோம்? சத்யா, நீயே சொல்லு. நீதான் பிளான் மாஸ்டர்" என்றார் அப்பா.

சத்யப்ரியாவுக்குப் பத்து வயது. வீட்டில் எல்லோருக்கும் சத்யா. அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"பஹரம்பூர்! பாகீரதி ஆத்தங்கரையில இருக்குப்பா. இங்க மாதிரி நெரிசல் கிடையாது. ஆத்துல படகு இருக்கு. பக்கத்துலயே ஹஸார்துவாரி அரண்மனை. ஆயிரம் கதவாம்! அதுல கொஞ்சம் பொய்க் கதவு. சுவத்துல கதவு மாதிரியே செஞ்சு வச்சிருப்பாங்களாம். கிட்டப் போனாலும் கண்டுபிடிக்க முடியாதாம். அப்புறம் சானாபொடான்னு ஒரு ஸ்வீட், பெரிய குலாப்ஜாமூன் மாதிரி..."

"போதும், போதும். போலாம்" என்றான் சிபி. அவள் தம்பி. ஆறு வயது. ஸ்வீட் என்ற சொல்லுக்குப் பிறகு அவனுக்கு வேறு விவரம் எதுவும் தேவைப்படவில்லை.

சத்யாவுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. படகில் அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும். பள்ளியில் நடந்ததை எல்லாம் முதலிலிருந்து கடைசி வரை அவரிடம் சொல்ல வேண்டும். நடுவில் எந்தக் கப்பலும் வரக் கூடாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மொட்டைமாடியில் அம்மா வாயைத் திறக்கும் வரை!

சத்யாவின் வீடு லேக் கார்டன்ஸ் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் ஜும்பா காகிமாவும் தபன் காகுவும் இருந்தார்கள். வங்காளத்தில் காகிமா என்றால் சித்தி, காகு என்றால் சித்தப்பா. சொந்தமெல்லாம் இல்லை. அந்த ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

குளிர்காலம் வந்தால் கொல்கத்தாவில் எல்லோரும் மாடிக்கு ஏறிவிடுவார்கள். வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரிப்பார்கள். அன்று சத்யாவின் அம்மா அமலாவும் ஜும்பா காகிமாவும் அப்படித்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"சனிக்கிழமை என்ன பண்ணப் போறீங்க?" என்று காகிமா கேட்டார். அவர் பேசியது வங்காளம். உங்களுக்காக நான் தமிழில் சொல்கிறேன்.

"பஹரம்பூர் போறோம்" என்றார் அம்மா, பாதி வங்காளமும் பாதி இந்தியுமாக. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "நீங்களும் வாங்களேன்!" என்று சேர்த்துக்கொண்டார்.

இதை நம் ஊரில் தினமும் சொல்கிறோம், இல்லையா? சாப்பிடும்போது யாராவது வந்தால், "வாங்க, சாப்பிடலாம்" என்போம். அவர்கள் உடனே, "ஐயோ, இப்பதான் சாப்பிட்டேன்" என்பார்கள். அவர்கள் வயிறு காலியாக இருக்கும். நம் சட்டியும் காலியாக இருக்கும். ஆனாலும் இரண்டு பேருக்கும் திருப்தி.

அதே மாதிரி காகிமாவும், "இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லியிருக்க வேண்டும்.

காகிமா ஆரஞ்சைக் கீழே வைத்தார். அவர் கண் இரண்டும் பெரிதாயின.

"ஓமா! ஜாபோ! நிஷ்சோய் ஜாபோ!" என்றார்.

அப்படியென்றால், 'போவோம், கண்டிப்பாகப் போவோம்' என்று அர்த்தம்.

அம்மா வாயில் போட்ட ஆரஞ்சுச் சுளையைக் கொட்டையோடு விழுங்கிவிட்டார்.

"என்னது? வர்றேன்னுட்டாங்களா?" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும்.

"நான் என்னங்க பண்ணட்டும்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வேண்டாம்னு சொல்றதுதான முறை?"

"அது நம்ம ஊர் முறைம்மா" என்றாள் சத்யா கடுப்பாக. "காகிமாவுக்கு எப்படித் தெரியும்?"

"நம்ம காரு சின்னக் காரு. அதுல ஆறு பேரு எப்படிப் போறது? காகு கால ரொம்ப நேரம் மடக்கி வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்று அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

தபன் காகுவின் கால் கதை இதுதான். போன மழைக்காலத்தில் மீன் மார்க்கெட்டில் வழுக்கி விழுந்துவிட்டார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. விழுந்தபோதும் கையிலிருந்த இலிஷ் மீனை மட்டும் விடவில்லை என்று காகிமா சொல்லிச் சிரிப்பார். ஆனால் அதற்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே குறைந்துவிட்டது.

முன்பெல்லாம் டிவியில் கால்பந்து நடந்தால் காகு போடும் சத்தம் பக்கத்துத் தெரு வரை கேட்கும். இப்போது அவர் வீட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. கட்டுப் பிரித்த பிறகும் வரவில்லை. ஆபீஸ் வேலையைக்கூட வீட்டிலிருந்தே செய்தார்.

இதெல்லாம் சத்யாவுக்குத் தெரியும். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அவளுக்கு அழுகையாக வந்தது. காகு வந்தால் அப்பா அவரைக் கவனித்துக்கொண்டிருப்பார். காகிமா வந்தால் எல்லோரோடும் பேசிக்கொண்டிருப்பார். சத்யா எப்போது பேசுவது?

காகிமாவோ ஒவ்வொரு நாளும் படியேறி வந்தார். ஒரு நாள், "ஆத்துக் காத்து பொல்லாதது!" என்று சிபிக்கு ஒரு குரங்குத் தொப்பி கொண்டுவந்தார். தலை, காது, கழுத்து எல்லாவற்றையும் மூடும் கம்பளித் தொப்பி. அதைப் போட்டதும் சிபியின் மூக்கு மட்டும்தான் வெளியே தெரிந்தது. இன்னொரு நாள், "ஹோட்டல்ல வெந்நீர் வருமா?" என்று கேட்டார். அதற்கு அடுத்த நாள் வயிற்று வலி மாத்திரை, பல்வலி மாத்திரை, தேள் கடித்தால் தடவும் மருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தாகிவிட்டது என்றார்.

"பஹரம்பூரா, பனிமலையா? எங்க போறாங்க இவங்க?" என்று அப்பா முணுமுணுத்தார்.

புதன்கிழமை சாயங்காலம் அம்மா மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்கு லீவு கேன்சல் ஆயிடுச்சுன்னு சொல்லிடலாமா? அது எப்பவும் நடக்கறதுதான. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அப்பா யோசித்தார். "அப்ப சனிக்கிழமை காலையில பையத் தூக்கிக்கிட்டு அவங்க வாசல் வழியாத்தான இறங்கணும்?"

"செருப்பைக் கையில எடுத்துக்குவோம்."

"திருடன் மாதிரியா?" என்று சிபி துள்ளினான். ஊருக்குப் போவதைவிட இது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

"ஏல, வாயை மூடு. இது யாருக்கும் தெரியக் கூடாது" என்றார் அப்பா. சிபி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டான்.

காகிமாவிடம் போய் யார் சொல்வது? அம்மாவுக்கு வங்காளத்தில் பொய் சொல்லும் அளவுக்கு வங்காளம் வராது. அப்பாவுக்கு 'கேமோன் ஆச்சேன்' என்று நலம் விசாரிப்பதற்கு மேல் தெரியாது. பள்ளியில் வங்காளம் பேசிப் பழகியவர்கள் சத்யாவும் சிபியும்தான். எல்லோரும் சத்யாவைப் பார்த்தார்கள்.

சத்யா வேண்டாம் என்று சொல்லவில்லை. படகில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். விறுவிறுவென்று கீழே இறங்கினாள்.

டொக்... டொக்... டொக்.

இரண்டாம் மாடிக்கும் கீழே, படிக்கட்டுத் திருப்பத்திலிருந்து அந்தச் சத்தம் வந்தது. சத்யா எட்டிப் பார்த்தாள்.

தபன் காகு! ஒரு கையில் ஊன்றுகோல். மறு கை கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்திருந்தது. அந்தக் குளிரிலும் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு காலை எடுத்து வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த காலை எடுத்து வைத்தார்.

"காகு! என்ன பண்றீங்க?"

"ஷ்ஷ்! மெதுவாப் பேசு. உன் காகிமாவுக்குத் தெரியாது. அவ குளிக்கிறா" என்றார் காகு. பிறகு கள்ளத்தனமாகச் சிரித்தார். "பயிற்சி! தினமும் அவ குளிக்கப் போற நேரத்துல நான் படிக்கு வந்துடறேன். நேத்து முதல் மாடி வரை போயிட்டேன், தெரியுமா?"

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குதுதான். டாக்டர் அப்பவே நடக்கச் சொன்னாரு. நான்தான் கேக்கல. நடந்து எங்க போகப் போறேன்? கட்டில்ல இருந்து நாற்காலிக்கு. அதுக்கு எதுக்குப் பயிற்சி?" காகு மூச்சு வாங்கினார். "இப்ப நீங்க கூப்பிட்டிருக்கீங்க. சனிக்கிழமை என்னால உங்க யாருக்கும் தாமதம் ஆகக் கூடாது இல்லையா?"

சத்யா இரண்டு படி இறங்கி அவர் பக்கத்தில் நின்றாள்.

காகு கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார். "உங்க அப்பா ரொம்ப வேகமா நடப்பாரோ?"

"இல்ல காகு" என்றாள் சத்யா. "அப்பா ரொம்ப மெதுவாத்தான் நடப்பாங்க."

அப்பா ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர் மாதிரிதான் வீட்டுக்குள்ளேயே நடப்பார். அது வேறு விஷயம்.

"அது சரி, நீ எதுக்கு இறங்கி வந்தே?"

"சும்மாதான்" என்று சொல்லிவிட்டு, சத்யா திரும்பி மேலே ஓடினாள்.

"சொல்லிட்டியா?" என்றார் அம்மா.

"சொல்லல. சொல்லவும் மாட்டேன்."

பார்த்ததை எல்லாம் அவள் ஒரே மூச்சில் கொட்டினாள். அம்மா அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அம்மா, ஹஸார்துவாரில பொய்க் கதவு இருக்குன்னு சொன்னேன்ல? நீங்க மாடியில கூப்பிட்டதும் அந்த மாதிரிதான். காகிமா நிஜக் கதவுன்னு நினைச்சு வந்துட்டாங்க. இப்ப போய் முட்டிக்குவாங்க."

"எனக்கு மட்டும் ஆசையாடி?" என்றார் அம்மா. "கார்ல இடம் இல்லையே."

"கார் வேண்டாம். ரயில்ல போலாம்" என்றாள் சத்யா.

அப்பா திரும்பினார். "நானே ஓட்டிக்கிட்டுப் போகணும்னு நினைச்சேனே, சத்யா!"

"கார்ல போனா நீங்க ரோட்டத்தான் பார்த்துக்கிட்டு இருப்பீங்க. 'ஹாரன் அடிக்கறான் பாரு, குறுக்க வர்றான் பாரு'ன்னு அவனுங்களத்தான் திட்டுவீங்க. நான் பின்னால உட்கார்ந்து உங்க தலையத்தான் பார்க்கணும். ரயில்ல போனா நீங்க எனக்கு எதிர்ல உட்காரலாம். நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். எனக்கு உங்ககிட்ட நிறையச் சொல்லணும்ப்பா."

அப்பா சத்யாவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அவள் தலையில் கை வைத்து, முடியைக் கலைத்துவிட்டார்.

"ரயிலே போவோம்" என்றார்.

அப்பாடா என்று மூன்று பேரும் மூச்சு விட்டபோது, அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஜும்பா காகிமா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிபி! இவன் எப்போது கீழே போனான் என்று ஒருவரும் கவனிக்கவில்லை.

காகிமா சிரித்தார். ஆனால் அது வழக்கமான சிரிப்பு மாதிரி இல்லை.

"சிபி வந்திருந்தான். கொண்டுவந்து விட்டுட்டுப் போலாம்னு வந்தேன். அப்புறம்... காகுவுக்குக் கால்ல கொஞ்சம் வலி. நாங்க இந்தத் தடவை வரல. இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க."

சில நாள் முன்பு அம்மா எதிர்பார்த்த பதில். அதே வார்த்தைகள். காகிமா இப்போதுதான் அசல் நம் ஊர்க்காரர் மாதிரி பேசினார். ஆனால் அதைக் கேட்ட அம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. பதில் சொல்வதற்குள் காகிமா இறங்கிப் போய்விட்டார்.

"ஏல சிபி, அவங்ககிட்ட என்ன சொன்ன?" என்றார் அப்பா.

"நான் ஒண்ணுமே சொல்லல!" சிபிக்கு ரோஷம் வந்துவிட்டது. "'அம்மா சும்மாதான் கூப்பிட்டாங்க, நிஜமா இல்ல, ஆனா அது யாருக்கும் தெரியக் கூடாது'ன்னு மட்டும்தான் சொன்னேன்."

மறுநாள் சத்யா பள்ளி விட்டு வந்ததும் படியில் உட்கார்ந்துகொண்டாள். காகிமா குளிக்கும் நேரம் வந்தது. குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்டது. ஊன்றுகோல் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அன்று காகு படிக்கு வரவே இல்லை.

சத்யா எழுந்து வீட்டுக்குள் போனாள். அம்மா கையில் ஃபோனோடு நின்றிருந்தார்.

"ரெண்டு தடவை பேசிட்டேன், சத்யா. 'நிஜமாவே கால் வலி, நீங்க போயிட்டு வாங்க'ன்னுதான் சொல்றாங்க. இனிமே நான் எத்தனை தடவை 'வாங்க'ன்னாலும் நம்ப மாட்டாங்க. அவங்க மேல என்ன தப்பு?"

சத்யா நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். சும்மா கூப்பிடுவதும் 'வாங்க'தான். நிஜமாகக் கூப்பிடுவதும் 'வாங்க'தான். அப்படியென்றால் நம் ஊரில் நிஜமாகக் கூப்பிடுகிறோம் என்று எப்படித்தான் காட்டுவார்கள்?

"அம்மா! விவேக் சித்தப்பா கல்யாணத்துக்கு எல்லாரையும் ஃபோன்லயா கூப்பிட்டோம்?"

"அதெப்படி? ஃபோன்ல கூப்பிட்டா யாரு வருவா? வீட்டுக்கு நேர்ல போய், வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணும்."

"அப்ப வைங்க!"

"எதை?"

"வெத்தலை பாக்கைத்தான்!"

அம்மா திகைத்துப் போனார். விஷயம் கேட்ட அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பஹரம்பூர் போறதுக்கு யாராவது தட்டு வச்சு அழைப்பாங்களா?"

"நாம அழைப்போம்" என்றாள் சத்யா.

அப்பாவும் அவளும் தெருமுனைப் பான் கடைக்குப் போனார்கள். வெற்றிலை வேண்டும் என்றதும் கடைக்காரர் ஒரு இலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தார். "வேண்டாம், வேண்டாம், வெறும் இலை!" என்று சத்யா கத்தினாள். "உள்ளே எதுவுமே வேண்டாமா?" என்று அவர் இரண்டு தடவை கேட்டார். வெறும் வெற்றிலையை வாங்கிக்கொண்டு போகிற அந்த இருவரையும் பார்த்து அவருக்கு ஒரே வருத்தம்.

அப்பா ரயில் டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஆறு பேருக்கும் பெயர் போட்டு, காகிதத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். ஹோட்டலில் காகுவுக்காகக் கீழ்த்தளத்தில் ஒரு அறைக்கும் ஃபோன் செய்து சொன்னார்.

அன்று சாயங்காலம் இரண்டாம் மாடியில் அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்த ஜும்பா காகிமா திடுக்கிட்டுப் போனார்.

அம்மா பட்டுப்புடவையில் நின்றார். அப்பா வேட்டி கட்டியிருந்தார். குளிரில் அவர் கால் நடுங்குவது நன்றாகவே தெரிந்தது. சத்யா கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், குங்குமம், நடுவில் டிக்கெட். சிபி கையில் செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் பாட்டில். கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பார்களாம். அவனும் தெளிப்பானாம். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

"ஓமா! யாருக்குக் கல்யாணம்?" என்றார் காகிமா.

"யாருக்கும் இல்ல காகிமா. எங்க ஊர்ல நிஜமாக் கூப்பிடணும்னா இப்படித்தான் கூப்பிடுவோம்" என்றாள் சத்யா.

அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். இந்தத் தடவை அவர் சத்யாவைப் பேசச் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்த ஓட்டை வங்காளத்தில் தானே பேசினார்.

"ஜும்பா, அன்னிக்கு மாடியில நான் சும்மா கூப்பிட்டேன். அது என் தப்பு. இன்னிக்கு நிஜமாவே கூப்பிடறேன். நீங்க ரெண்டு பேரும் கண்டிப்பா வரணும். நீங்க வரலன்னா நாங்களும் போகல."

காகிமா தட்டைப் பார்த்தார். டிக்கெட்டில் தன் பெயரும் காகுவின் பெயரும் இருந்ததைப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தார்.

தபன் காகு நாற்காலியில் இருந்தார். எதிரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் வைக்கவில்லை. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் அப்படியே நின்றார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை.

சிபிக்குத் தெரிந்தது. அவன் நேராக உள்ளே போனான். பாட்டிலைத் தூக்கினான்.

புஸ்ஸ்ஸ்!

"ஆஆஆ!" என்று தபன் காகு அலறினார். "ஜனவரி மாசத்துல தண்ணியா! எவன்டா அவன்! ஜில்லுன்னு கழுத்துக்குள்ள இறங்குதுடா டேய்!"

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம்! மேலே மின்விசிறியில் தூங்கிய தூசிகூட எழுந்திருக்கும். காகிமா வாயில் கை வைத்துக்கொண்டார். மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

காகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சத்யாவைப் பார்த்தார்.

"உன் அப்பா நிஜமாவே மெதுவாத்தான் நடப்பாரா?"

சத்யா அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அப்பா காகுவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சனி ஞாயிறு ரெண்டு நாளும் நான் மெதுவா நடக்கிறதா இருக்கேன்னு சொல்லு, சத்யா. எனக்கும் ஒருத்தர் துணைக்கு வேணும்."

அவள் சொன்னாள். காகு அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டித் தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து உரித்தார்.

"ஜும்பா, என் ஷூ எங்க இருக்கு?" என்றார்.

சனிக்கிழமை. இன்னும் விடியவில்லை. லேக் கார்டன்ஸ் முழுவதும் பனிமூட்டம்.

"சீக்கிரம், சீக்கிரம்! காகு படி இறங்கறதுக்கு நேரம் ஆகும். அதுக்கும் சேர்த்துத்தான் கிளம்பணும்" என்று அப்பா அவசரப்படுத்தினார். அம்மா புளியோதரை டப்பாவைத் துணியில் சுற்றினார். சிபிக்கு ஒரு கால் செருப்பு கிடைக்கவில்லை. அது ஏனோ ஃப்ரிட்ஜுக்கு அடியில் கிடந்தது.

ஒருவழியாக இரண்டாம் மாடிக்கு இறங்கினால், அங்கே காகிமா பைகளுக்கு நடுவே பதறிக்கொண்டு நின்றார்.

"அவரைக் காணோம்! குளியலறையில இல்ல, பால்கனியில இல்ல. நான் ஃப்ளாஸ்க்ல தேநீர் ஊத்திட்டு வந்து பார்த்தா ஆளையே காணோம்!"

எல்லோருக்கும் ஒரே நினைப்புதான். படியில் விழுந்துவிட்டாரோ?

சத்யா கையிலிருந்த பையைப் போட்டுவிட்டு ஓடினாள். முதல் மாடி. யாரும் இல்லை. படிக்கட்டுத் திருப்பம். அங்கேயும் இல்லை. தடதடவென்று இறங்கித் தெருவுக்கு வந்தாள்.

சொல்லி வைத்திருந்த இரண்டு டாக்ஸிகளும் பனிக்குள் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற டாக்ஸியின் முன் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெல்ட் போட்டிருந்தார். ஊன்றுகோலை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்தி, அதன் மேல் கையை வைத்திருந்தார்.

அவர் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"மணி என்ன ஆச்சு?" என்று தபன் காகு கத்தினார். "எவ்வளவு நேரமா ஒரு மனுஷன் காத்திருக்கறது? உங்களுக்காக நிக்க அது என்ன உங்க மாமனார் வீட்டு ரயிலா?"

அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னலில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைத்தது. படியில் இறங்கி வந்த அப்பா, அம்மா, காகிமா, சிபி நான்கு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

சத்யா டாக்ஸியைப் பார்த்து ஓடினாள்.

"வந்துட்டோம் காகு!" என்று அவளும் தெருவே கேட்கும்படி கத்தினாள்.